நாம் கைவிட்ட இடது ஓரம்

சென்னையில் எந்தச் சாலையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்சம் உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும்படிதான் தார் போடுகிறார்கள். மழைநீர் நிற்காமல் ஓரத்துக்கு வடிய வேண்டும். தண்ணீரோடு மண்ணும் வரும். மண்ணோடு பாட்டில் சில்லு, துருப்பிடித்த ஆணி, கட்டட இடிபாடு, லாரியிலிருந்து சிந்திய ஜல்லி எல்லாம் வந்து சேரும். மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடி இருப்பது அங்கே. கேபிளுக்கும் குழாய்க்கும் பெரும்பாலும் தோண்டுவது அங்கே. தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பு உடைந்து பல்லிளிப்பதும் அங்கேதான். ஒரு சாலையின் குறைகள் அத்தனையும் வந்து குவிகிற அந்த ஓரத்தைக் காட்டி, "ஓரமாப் போய்யா" என்று சைக்கிள்காரரைப் பார்த்துச் சொன்னவர்கள் நாம்.

இந்த "நாம்" யார் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாநகராட்சியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, அதைப் பலரும் செய்கிறார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்த நகரத்தில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஆலைக்கும் சைக்கிளில் போய், பிறகு மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும், முடிந்தபோது காருக்கும் மாறிய குடும்பங்களைச் சொல்கிறேன். பத்திரிகை படிப்பவர்கள், பத்திரிகையில் எழுதுபவர்கள், பொறியாளர்கள், அரசு ஊழியர்கள், குடியிருப்போர் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள். 1970-ல் சென்னையின் பயணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சைக்கிளில் நடந்தது. 2008-ல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் விரிவான போக்குவரத்து ஆய்வில் அது 6 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. இடையில் சைக்கிளை விட்டு இறங்கியவர்கள் நாம்தான்.

இறங்கியதில் குற்றமில்லை. ஊர் விரிந்தது, வேலைக்குப் போகிற தூரம் கூடியது, கையில் கொஞ்சம் காசும் வந்தது. ஆனால் இறங்கிய நாளிலிருந்து சாலையை நம் உடம்பு அறியாமல் போய்விட்டது. ஸ்கூட்டரில் ஷாக் அப்சார்பர் இருக்கிறது. காரில் அதோடு நுரைமெத்தையும் மூடிய கண்ணாடியும் இருக்கின்றன. சைக்கிளில் வருகிறவருக்கு ஒன்றரை அங்குல டயரும், அதில் அவர் அடித்த காற்றும், அவருடைய மணிக்கட்டும் இடுப்பும்தான். பள்ளத்தில் இறங்கும்போது வலிக்கிற இடத்தில் நாம் இல்லாமல் போனோம். வலிக்கிற இடத்தில் இருந்தவர்களிடம் எழுத நேரமும் இல்லை, அவர்கள் சொன்னால் கேட்க ஆளும் இல்லை.

அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. காலை நாலரை மணிக்கு நம் வாசலில் பேப்பரும் பாலும் போடுகிறவர் அவர். நம் அடுக்குமாடியின் இரவுக் காவலர் வேலை முடிந்து போவது சைக்கிளில்தான். கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கச் சுற்றுகிறவர், இருபது லிட்டர் தண்ணீர் கேன்களைப் பின்னால் தொங்கவிட்டு ஓட்டுகிறவர், கட்டட வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்ட இளைஞர், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பெண். இவர்கள் கையால்தான் நம் காலைப்பொழுதே தொடங்குகிறது. அவர்கள் எந்தத் தரையின் மேல் வந்து சேர்ந்தார்கள் என்று நாம் கேட்டதில்லை.

சைக்கிள் எப்படி விழுகிறது என்பதையும் நாம் மறந்துவிட்டோம். ஓட்டத் தெரிந்தவர் யாரும் யோசித்துச் செய்வதில்லை. ஆனால் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். அப்படித் திருப்பும்போது சக்கரம் மறுபடி உடம்புக்கு அடியில் வந்துவிடுகிறது. சைக்கிள் நிமிர்ந்து நிற்பது இந்த இடைவிடாத சிறு திருப்பங்களால்தான். முன்சக்கரத்தைத் திருப்ப முடியாமல் செய்துவிட்டால் விழுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். குழாய் புதைத்து மூடிய வெட்டின் விளிம்பு, தாரும் கான்கிரீட்டும் சேருமிடத்தில் விழுந்த நீளப் பிளவு, போகிற திசையிலேயே கம்பிகள் நீட்டியிருக்கும் வடிகால் மூடி ஆகிய மூன்றும் அதைத்தான் செய்கின்றன. சக்கரம் அதற்குள் இறங்கியதும் ஹேண்டில்பார் கையில் இருந்தும் பயனில்லை. குறுக்கே கிடக்கும் பள்ளம் தூக்கிப் போடும். நீளவாக்கில் ஓடும் வெட்டு ஆளையே சாய்த்துவிடும். காரில் போகிறவருக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். இரண்டாவதன் மேல் காரின் சக்கரம் ஒன்றும் நடக்காததுபோல உருண்டு போய்விடும். அதனால் அது சாலைக் குறை என்ற பட்டியலிலேயே ஏறுவதில்லை.

மழை நாளில் இன்னும் மோசம். வடகிழக்குப் பருவமழை இந்த ஊரின் ஆண்டு மழையில் பெரும்பங்கை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. தாரில் விழுந்த சிறு விரிசல் வழியாக நீர் இறங்குகிறது. மேலே ஒவ்வொரு பேருந்துச் சக்கரமும் ஏறி இறங்கும்போது அந்த நீர் உள்ளேயே அழுந்திப் பிதுங்கி, ஜல்லியிலிருந்து தாரை உரித்தெடுக்கிறது. ஒரு வாரத்தில் ஜல்லி தனித்தனியாகக் கழன்று உருள்கிறது. பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் அதன் ஆழம் முழங்கை அளவா விரல் அளவா என்று யாருக்கும் தெரியாது. பைக்கில் வருகிறவர் வெளிச்சம் அடித்து விலகிப் போவார். சைக்கிளில் பெரும்பாலும் விளக்கு கிடையாது. டைனமோ வைத்த காலம் போய்விட்டது. தெருவிளக்கு எரியாத இடத்தில் அவர் நம்பியிருப்பது முந்தைய நாள் அந்த இடம் எப்படி இருந்தது என்ற நினைவை மட்டுமே.

விழுந்தவர் எங்கே பதிவாகிறார்? அநேகமாக எங்கேயும் இல்லை. தனியாக விழுந்து முழங்கால் பெயர்ந்தவர் எழுந்து, முன்சக்கர ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். கை முறிந்தவர் அரசு மருத்துவமனை சீட்டில் "கீழே விழுந்தார்" என்றுதான் இருக்கிறார். பள்ளத்தைத் தவிர்க்க வலப்பக்கம் ஒதுங்கியபோது பின்னால் வந்த வாகனம் மோதி இறந்தவர் காவல்நிலையப் பதிவில் வருகிறார். ஆனால் அங்கே காரணம் ஓட்டுநரின் அஜாக்கிரதை. அவரை வலப்பக்கம் ஒதுங்க வைத்த பள்ளம் அந்தத் தாளில் இடம்பெறுவதில்லை. இவ்வளவு ஓட்டைகள் உள்ள கணக்கிலேயே 2013 முதல் 2017 வரை சாலைப் பள்ளங்களால் நாட்டில் 14,926 பேர் இறந்தார்கள் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. எல்லையில் இறப்பவர்களையும் பயங்கரவாதிகளால் கொல்லப்படுபவர்களையும் விட இது அதிகமாக இருக்கும் என்று நீதிபதிகள் வேதனைப்பட்டார்கள். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் சைக்கிளில் போனவர்கள். அவர்களில் எத்தனை பேரை விழவைத்தது சாலையின் தளம் என்று சொல்லும் கட்டம் எந்தப் படிவத்திலும் நிரப்பப்படுவதில்லை. நிரப்பச் சொல்லி நாம் கேட்கவும் இல்லை.

நம்மிடையே இருக்கும் பொறியாளர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சாலையின் சொரசொரப்பை அளக்க உலகம் முழுவதும் ஒரு குறியீடு பயன்படுகிறது. அதன் கணக்கு எப்படி என்றால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரின் ஒரு சக்கரமும் அதன் ஸ்பிரிங்கும் எவ்வளவு ஆடும் என்பதே. நம் நாட்டில் ஜீப்பின் பின்னால் ஒற்றைச் சக்கரக் கருவியைக் கட்டி மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்து அளக்கும் முறையும் உண்டு. இரண்டு முறைகளும் தவறானவை என்று சொல்ல வரவில்லை. எதற்காக உருவாக்கினார்களோ அதைச் சரியாகவே செய்கின்றன. ஆனால் ஜீப் போகிற தடத்தில்தான் கருவியும் போகிறது. இடது ஓரத்து ஒன்றரை மீட்டரில் யாரும் எதையும் இழுத்துக்கொண்டு போவதில்லை. "சாலை நன்றாக இருக்கிறது" என்று கோப்பில் கையெழுத்தாகிறது. அது பொய்யில்லை. நடுச்சாலை நன்றாகத்தான் இருக்கிறது.

மில்லிங் விஷயத்தைப் பாருங்கள். தாரின் மேலேயே தார் போட்டுப் போட்டு வீடுகள் எல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டன என்று நாம் குரல் கொடுத்தோம். நியாயமான குரல். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே எழுத்தில் அறிவுறுத்தினார். நம் வாசலில் தண்ணீர் ஏறாமல் இருக்க அது உதவியது. ஆனால் சுரண்டிய பிறகு புதுத் தார் வரும்வரை அந்தச் சாலை நாள் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில், அப்படியே கிடக்கிறது. இயந்திரத்தின் பற்கள் கிழித்த கோடுகள் எல்லாம் நீளவாக்கில் ஓடுகின்றன. பாதாளச் சாக்கடை மூடிகள் படிக்கட்டு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கின்றன. அந்த இடைவெளியை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று நாம் அதே குரலில் கேட்கவில்லை. நம் வீட்டுக்குள் தண்ணீர் வருவது நம் பிரச்சினை. சுரண்டிய ரோட்டில் சைக்கிள் வழுக்குவது வேறு யாருடைய பிரச்சினையோ ஆகிவிட்டது.

வடசென்னை பக்கம் போனால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். திருவொற்றியூர், எண்ணூர், மணலி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலைகள். அந்தப் பாரத்தில் தார் வெயில் நேரத்தில் இளகி, சக்கரத் தடம் பள்ளமாக இறங்கி, ஓரத்தில் மேடாகப் பிதுங்கி வரப்பு கட்டிவிடுகிறது. சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு அந்த வரப்பின் மேல்தான் இடம். இடப்பக்கம் சறுக்கினால் மண்ணும் சேறும். வலப்பக்கம் சறுக்கினால் டிரெய்லரின் பின்சக்கரம். நகரத்தின் இந்தப் பகுதியைப் பற்றி நாம் எழுதியபோதெல்லாம் காற்று மாசையும் எண்ணெய்க் கசிவையும் எழுதினோம், அவை எழுத வேண்டியவைதான். ஆனால் தினமும் அந்த வரப்பில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட்டியவரைப் பற்றி ஒரு பத்திகூட எழுத நமக்குத் தோன்றவில்லை.

அரசாங்கம் செய்யாததை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் இது சுயவிமர்சனம் ஆகாது. நம் கைகளால் செய்ததைச் சொல்ல வேண்டும். வீடு கட்டும்போது மணலையும் ஜல்லியையும் தெருவோரத்தில் கொட்டியது நாம். சிமென்ட் கலவையைத் தெருவிலேயே போட்டுக் கலந்தோம். வேலை முடிந்தபின் அது கல்லாக இறுகி நின்றதைப் பெயர்க்கவில்லை. வாசலுக்குக் கார் ஏற வேண்டும் என்று சரிவு மேடையைச் சாலைக்குள் இரண்டடி இறக்கினோம். குடிநீர் இணைப்புக்காகத் தோண்டியவர்கள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனபோது, நமக்குத் தண்ணீர் வந்துவிட்டதால் அவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. தோண்டிய இடத்தில் மண்ணை ஒரு சாண், ஒரு சாணாகப் போட்டு, ஒவ்வொரு தட்டையும் திமிசு போட்டு இறுக்கி மூட வேண்டும். ஒரே மூச்சில் தள்ளி மூடினால் முதல் மழைக்கே உள்வாங்கும். இதை அறியாதவர்கள் இல்லை நாம். வீடு கட்டும்போது நம் கடைக்காலுக்கு அப்படித்தான் செய்யச் சொல்லி நின்று பார்த்தோம்.

கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் பந்தல்கால் ஊன்றச் சாலையோரம் நெடுகக் கடப்பாரையால் குழி போட்டோம். பந்தலைப் பிரித்த மறுநாள் குழிகள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றும் கை அகலம்தான்; ஒரு சைக்கிள் சக்கரத்துக்கு அது தாராளம். அந்தக் குழியில் தேங்கிய நீர்தான் அடுத்த மழையில் சாலையை அரிக்கத் தொடங்கியது. கட்சி வேறுபாடு இல்லாமல், மத வேறுபாடு இல்லாமல் எல்லோரும் செய்தோம்.

வேகத்தடையும் அப்படித்தான். இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவுப்படி வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ளது. அதன் மேல் மெதுவாகப் போனால் சைக்கிளும் அலைமேல் போவதுபோல ஏறி இறங்கும். நம் தெருக்களில் நம் சங்கங்கள் கேட்டுப் போடவைத்தவை ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழும்பியவை. பின்னால் பாரம் வைத்த சைக்கிள் அதில் ஏறினால் முன்சக்கரம் தூக்கும். அதனால் ஓட்டுகிறவர்கள், தண்ணீர் போக விட்ட ஓரத்து இடைவெளி வழியாக நுழைகிறார்கள். அந்த இடைவெளியில்தான் சேறு படிந்திருக்கும், அதற்குள்தான் பள்ளம் இருக்கும். நம் பிள்ளைகள் பத்திரமாகத் தெருவைக் கடக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு கேட்டோம். அந்தத் தடையின் மேல் வேறொருவர் பிள்ளை சைக்கிளில் வரும் என்று நினைக்கவில்லை.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு சமூகம் எவ்வளவு தூரம் போகலாம் என்று உலகத்துக்குக் காட்டிய மாநிலம் இது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தது. குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா மிதிவண்டி வந்தது. 2005-06-லிருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் எல்லாருக்கும் விரிந்தது. இவற்றைப் பெருமையோடு மேடைகளில் சொன்னோம், கட்டுரைகளில் எழுதினோம். அந்தச் சைக்கிள் சென்னையில் வியாசர்பாடியிலிருந்தோ கண்ணகி நகரிலிருந்தோ கிளம்பினால் எந்தத் தரையின் மேல் உருளும் என்ற கேள்வி மட்டும் பாக்கி நின்றது. "ரோடு சரியில்ல, பஸ்லயே போ கண்ணு" என்று அம்மா சொல்ல, சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் பூட்டிக் கிடக்கிறது. அவள் தடுத்தது சரி. அவளை அப்படிச் சொல்லவைத்த சாலைக்குப் பக்கத்தில்தான் நாம் வீடு வாங்கியிருக்கிறோம்.

சட்டமும் கொள்கையும் இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 2014-ல் சென்னை மாநகராட்சி இயந்திரமற்ற போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும், அவர்களின் சாவை ஆண்டுக்குப் பூஜ்யமாக்குவது இலக்கு. நாட்டிலேயே முன்னோடி என்று பாராட்டு வந்தது. நடைபாதைகள் சில அழகாக வந்தன. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019-ல் திறந்த நடைபாதை வளாகத்தில் நாம் குடும்பத்தோடு உலாவினோம், படம் எடுத்தோம். சைக்கிளுக்கு என்ன ஆயிற்று என்று பட்ஜெட் கூட்டத் தொடரில் கேட்கச் சொல்லி நம் கவுன்சிலரிடம் நாம் போகவில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198அ என்றொரு பிரிவு வந்தது. சாலையை வடிவமைத்தவர், போட்டவர், பராமரிப்பவர் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரோ உறுப்போ போனால் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். அந்தச் சாலையில் எந்த வகைப் போக்குவரத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. சைக்கிளும் எதிர்பார்க்க வேண்டிய போக்குவரத்துதான் என்று போய் நின்று வாதாட நம்மிடையே வழக்கறிஞர்கள் இல்லாமல் இல்லை.

வார இறுதியில் விலை உயர்ந்த சைக்கிளில், ஹெல்மெட்டும் கையுறையும் அணிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற நண்பர்களையும் இந்த "நாம்"-இல் சேர்த்தே சொல்கிறேன். அவர்கள் சைக்கிளை மறுபடி மதிப்புள்ள பொருளாக்கினார்கள், அதற்கு நன்றி உண்டு. ஆனால் சைக்கிள் பாதை பற்றி அதிகாரிகள் பேச அழைத்தபோது போய் உட்கார்ந்தது அவர்களே. கேட்டதும் கடற்கரையோரம், காலை நேரத்துக்கான பாதையையே. தண்ணீர் கேன் போடுகிறவரை அந்த மேசைக்கு யாரும் அழைத்து வரவில்லை. ஆற்காடு சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்கான 118.9 கிலோமீட்டர் தடத்தின் மற்ற இடங்களிலும் தடுப்புகளுக்கு நடுவே, இரும்புத் தகடு பதித்த குறுகல் வழிகளில் தினம் நுழைந்து வெளியேறியவர்கள் தண்ணீர் கேன் போடுகிறவர் போன்றவர்கள்தான். ஈரமான இரும்புத் தகட்டில் சைக்கிள் எப்படி வழுக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

செய்ய வேண்டியதைப் பெரிதாக நினைத்துக்கொண்டுதான் நாம் எதையும் செய்யாமல் இருந்தோம். தனிப் பாதை வந்தால் பார்க்கலாம், வெளிநாடு மாதிரி வந்தால் பார்க்கலாம் என்று. மாநகராட்சியின் பேருந்துத் தடச் சாலைகள் நானூறு கிலோமீட்டருக்குள். உட்புறச் சாலைகள் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவுக்கும் தனிப் பாதை நம் ஆயுளில் வராது. வந்தாலும் அதன் தளத்தை யாரும் கவனிக்காவிட்டால் அதுவும் மணலும் பைக்கும் நிற்கிற இன்னொரு ஓரமாகிவிடும். இருக்கிற சாலையின் இடது ஒன்றரை மீட்டரைப் பார்த்துக்கொண்டால், இன்று ஓட்டுகிறவர்கள் இன்றே பிழைப்பார்கள். ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும் முன் மூன்று மீட்டர் நீள நேர்ச்சட்டத்தை அந்த ஓரத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். வெட்டிய சாலையை மூடியபின் பொறியாளர் ஒருமுறை சைக்கிளில் அதைக் கடக்க வேண்டும் என்று கேட்கலாம். மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்கும் "நம்ம சாலை" செயலிக்கும் நம் காரை உலுக்கிய பள்ளத்தை மட்டும் அனுப்பாமல், பால்காரரை நிறுத்தி எந்த இடம் மோசம் என்று கேட்டு அதை அனுப்பலாம். போன் நம்மிடம்தான் இருக்கிறது.

2022 முதல் வார்டுகளில் பகுதி சபா கூடுகிறது. அடுத்ததற்குப் போகும்போது கொண்டுபோக ஒரு கோரிக்கை: வார்டில் எந்தெந்த வடிகால் மூடியில் கம்பிகள் சாலையின் திசையில் ஓடுகின்றனவோ, அவற்றின் பட்டியல். திருப்பிப் போட முடிகிற மூடியைத் திருப்பிப் போடட்டும். முடியாதவற்றின் மேல் குறுக்கே நான்கு இரும்புப் பட்டைகளை வைத்து வெல்டிங் செய்யட்டும். அதற்குக் கொள்கை வேண்டாம், உலக வங்கிக் கடன் வேண்டாம். ஒரு வெல்டரும் ஒரு ஜெனரேட்டரும் ஒரு தெருவுக்கு அரை நாளும் போதும். பருவமழைக்கு முன்பே கேட்க வேண்டும்.